ஸ்கேனர் வாசித்தவள்

இன்றைக்கும் விடியற்காலைத் தூக்கத்தில் எனக்கு எண்கள் வருகின்றன. ஆட்கள் கிடையாது, கதை கிடையாது, வெறும் எண்கள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு என்று மெல்ல ஏறும். ஐம்பதில் கொஞ்சம் தயங்கும். எண்பதைத் தாண்டும்போது உள்ளங்காலிலிருந்து இதமாக ஒரு சூடு பரவும். தொண்ணூறு வந்ததும் நின்றுவிடும், நானும் விழித்துக்கொள்வேன். ஊரில் எல்லோருக்கும் கனவில் சாமி வருகிறது, செத்துப்போன சொந்தக்காரர்கள் வருகிறார்கள். எனக்கு இன்ஜின் சூடு வருகிறது. வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். காஞ்சிபுரத்தின் தென்கோடியில், செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. ஒர்க்‌ஷாப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை, முன்னால் ஒரு புங்கமரம், இரண்டு கார் நிற்கிற அளவுக்கு சிமென்ட் தரை, அவ்வளவுதான். என் கணவர் மெக்கானிக். நான் அங்கே ஸ்கேனர் வாசிப்பவள். அப்படி ஓர் உத்தியோகம் வேறு யாருக்காவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஸ்கேனர் என்பது செங்கல் பருமனில் ஒரு கறுப்புப் பெட்டி. முகத்தில் நாலு வரி எழுத்துத் தெரிகிற சின்னத் திரை, கீழே ஆறேழு பொத்தான், தலையிலிருந்து ஒரு தடித்த ஒயர். ஒயரின் நுனியில் இரண்டு வரிசையாகப் பதினாறு பின் வைத்த ப்ளக். புதுசாக வந்த கார்களில் ஸ்டீரிங்குக்குக் கீழே, முழங்கால் படுகிற இடத்தில், அதற்கென்று ஒரு பொந்து இருக்கும். அங்கே சொருகிச் சாவியைத் திருப்பினால், வண்டியின் கம்ப்யூட்டர் தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆரம்பிக்கும். தண்ணீர் எவ்வளவு சூடு, இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, புகையில் காற்று எவ்வளவு மிச்சம், எல்லாம் எண்ணாக வரும். ஏதாவது கெட்டுப்போயிருந்தால் அதற்கு ஒரு கோடு நம்பர், அதாவது குறியீட்டு எண், வரும். எல்லாமே இங்கிலீஷ். நான் தபாலில் பி.காம். படித்தவள். அவருக்கு எட்டாம் வகுப்போடு சரி. அதனால் பெட்டி என் மடிக்கு வந்தது.

அவருக்கு அந்தப் பெட்டி ஆரம்பத்தில் ஆகவே ஆகாது. அவரிடம் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதன் முனையை ஓடுகிற இன்ஜினில் வைப்பார், கைப்பிடியைக் காதில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். பிறகு கண்ணைத் திறந்து இன்னது கெட்டுப்போச்சு என்பார். அது அப்படியே இருக்கும். ஒருமுறை கொட்டகைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ரோட்டில் ஒரு கார் திரும்புவதற்குள்ளேயே, கையில் சோற்றுடன், ரெண்டாவது சிலிண்டர் அடிக்குது என்றார். கார்க்காரர் இறங்கி வந்து அதையேதான் சொன்னார். டவுனில் அவருக்குக் காது மெக்கானிக் என்றே பேர். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வரத் தொடங்கியபோது நான் ஸ்கேனர் வாங்கலாம் என்று நச்சரித்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்குக் காது இருக்குதும்மா. பொட்டி எதுக்கு?" என்றார்.

ஒரு வருஷம் கழித்து அவராகவே வந்து, அந்தப் பொட்டியை வாங்கிடலாம் என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஏன் மனசு மாறினீர்கள் என்று கேட்கவும் இல்லை. ஜெயித்தவள் எதற்குக் கேட்பாள்? இரண்டு பேரும் பஸ் ஏறி மெட்ராஸ் போய் வாங்கி வந்தோம். திரும்பி வரும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவர் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பெட்டி என் மடியில் இருந்தது. ஜன்னல் பக்கம் ஏரித் தண்ணீர் வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் யார் எது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த காலைகளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்த்தால்தான் அதன் உடல்நிலை சரியாகத் தெரியும் என்பார். அதனால் விடிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவோம். மார்கழியில் பாலாற்றிலிருந்து பனி ஏறிக் கொட்டகைக்குள்ளேயே வந்துவிடும். புங்கமரத்தின் பாதிதான் தெரியும். எங்கேயோ கோயிலில் திருப்பாவை போட்டிருப்பார்கள். வண்டியின் கதவைத் திறந்துபோட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மடியில் பெட்டியோடு நான் உட்காருவேன். அவர் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு எனக்கு எதிரே நிற்பார். சாவியைத் திருப்புவேன்.

முதலில் சுற்று ஆயிரத்து நானூறுக்குப் போகும். இன்ஜின் குளிரில் கொஞ்சம் பதறும், பிறகு அடங்கும். தண்ணீர் சூடு ஏற ஏற சுற்று இறங்கிக்கொண்டே வந்து எண்ணூற்றைம்பதில் நிற்கும். ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று உண்டு. அதன் எண் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. ஜீரோ பாயின்ட் ஒன்று, ஜீரோ பாயின்ட் எட்டு, மறுபடி இரண்டு, மறுபடி ஏழு என்று ஆடிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால் நோய், ஆடினால் நலம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கண் செருகும். தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று தெரியாத ஒரு நிலை. வாய் மட்டும் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பனி, மெல்லிய பெட்ரோல் வாசனை, மடியில் பெட்டியின் சூடு. எனக்கு ஒரு குறையும் இல்லாத காலை நேரங்கள் அவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எண்களைச் சொல்லும்போது அவர் இன்ஜினைப் பார்க்க மாட்டார். என் முகத்தைத்தான் பார்ப்பார். கண் எடுக்காமல் பார்ப்பார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை, காபி டம்ளரைத்தான் பார்த்தார். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒருநாள் அவர் ஸ்டூலை மர நிழலிலிருந்து எடுத்துக் கிழக்குப் பார்த்துப் போட்டார், வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி. திரையில் எழுத்துத் தெரியட்டும் என்று போட்டீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். வெயில் விழுந்தால் அந்தத் திரையில் ஓர் எழுத்தும் தெரியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாளிலிருந்து நான் முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு போனேன். பொய் சொல்வானேன்.

ஒர்க்‌ஷாப்பில் இப்படி என்றால் வீட்டில் வேறு மாதிரி. வீட்டில் அவர் என்னை மதிக்கவே இல்லை என்று எனக்கு எரிச்சல். நான் மாடியில் துணி காயவைத்துக்கொண்டு, குக்கர் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவேன். ஏழு விசில் வரும். பருப்பு கூழாகியிருக்கும். அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். செல்போன் சட்டைப் பையிலேயே அடித்துக்கொண்டிருக்கும், எடுக்க மாட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஊரே மெச்சுகிறது என்று திமிர் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். காது என்ன அவிஞ்சா போச்சு என்று எத்தனையோ தடவை அவர் முதுகுக்குப் பின்னால் கத்தியிருக்கிறேன். ஒருதடவைகூட அவர் பதில் சொன்னதில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. அந்த வருஷத்து ஆயுத பூஜையும் வந்தது.

நான் நெசவு செய்கிற வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குத் தறியின் ஓர் உறுப்பு விடாமல் பொட்டு வைப்போம். மரத்துக்கும் உண்டு, கயிற்றுக்கும் உண்டு, பாவு நூலுக்குள் ஓடுகிற நாடாக் கட்டையின் மூக்கு நுனிக்கும் உண்டு. ஒன்று விட்டுப்போனாலும் அது கோபித்துக்கொள்ளும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஒர்க்‌ஷாப்பிலும் அதே மாதிரிதான் செய்தேன். ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் வைத்தேன், ஜாக்கிக்கு வைத்தேன், அவருடைய நீள ஸ்க்ரூடிரைவருக்கு வைத்தேன். ஸ்கேனருக்கு மட்டும் தனிக் கவனிப்பு. திரைக்கு மேலே விபூதிப் பட்டை, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பொட்டு. சந்தனம் வீட்டில் கட்டை தேய்த்துக் கெட்டியாகக் குழைத்தது. கடைசியில் ஒயரின் நுனியில் இருக்கிற ப்ளக்கைப் பார்த்தேன். வண்டியோடு பேசுகிற வாய் அதுதானே, அதை எப்படி விடுவது? அதன் வாயிலும் விரலால் ஒரு பொட்டு, நல்ல தாராளமாக வைத்தேன். அவர் தேங்காய் உடைத்தார். பெட்டியைப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ராத்திரி அப்படியே வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடுகிற முதல் வேலை நல்லபடி அமைந்தால் வருஷம் முழுக்க நல்லபடி போகும் என்பது கணக்கு. காலையிலேயே சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், நெற்றி நிறைய நாமம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிரசவத்தில் கொஞ்சம் சிக்கல் இருக்கும் என்று சொல்லி, மெட்ராஸில் உள்ள ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாராம். ஆறு வருஷமாக அவர் வண்டி எங்களிடம்தான் வரும். அவர் என் கணவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நாள் நெருங்கிண்டிருக்குப்பா. எப்போ வேணும்னாலும் கிளம்பும்படியா இருக்கும். வண்டியை நம்பி வெச்சுக்கலாமா, அதை மட்டும் பார்த்துச் சொல்லு."

என் கணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ப்ளக்கைச் சொருகினேன். திரையில் வெளிச்சம் வந்தது. எழுத்து வந்தது. பிறகு லிங்க் எரர் என்று வந்து நின்றுவிட்டது. கழற்றிச் சொருகினேன், அதே லிங்க் எரர். சாவியை அணைத்துப் போட்டேன், அதேதான். பெட்டிக்கு உயிர் இருக்கிறது, வண்டியோடு மட்டும் பேச்சு இல்லை. வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் கணவரின் முகத்தில் ஒரு மாதிரியான கலவரம் தெரிந்தது. ஒரு பெட்டி வேலை செய்யாததற்கு எதற்கு இவ்வளவு பயம் என்று எனக்குப் புரியவில்லை.

"காது மெக்கானிக்குக்குப் பொட்டி எதுக்குங்க? இன்னிக்கு உங்க காதாலயே பாருங்க" என்று சொல்லி, குங்குமம் வைத்திருந்த அந்த நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

நான் இன்ஜினை ஓடவிட்டேன். அவர் குனிந்து ஒவ்வோர் இடமாக முனையை வைத்துக் காதில் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். எப்போதும் போலத்தான் செய்தார், கொஞ்சம் நேரம்தான் அதிகமாயிற்று. நான் நாலடி தள்ளி நின்றேன். அப்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. இன்ஜினின் முன்பக்கம், ஃபேன் பெல்ட் ஓடுகிற இடத்திலிருந்து மெல்லிசாக ஒரு கீச்சு. நின்று நின்று வந்தது. இன்ஜின் சூடாக ஆக அதுவும் நீண்டுகொண்டே போயிற்று. பதினாலு வருஷமாக மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது என்னவென்று தெரியாதா? தண்ணீர் பம்ப்பின் பேரிங் போகிற சத்தம். இப்போது அவர் அதைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் நிமிர்ந்தார். ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்தார்.

"நல்லா இருக்குது சார். ஒண்ணும் இல்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கவனக்குறைவும் கிடையாது. கீச்சு அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்துகொண்டிருந்தது. அந்த நொடியில் குக்கர் விசில், செல்போன், திரும்பாத முதுகு எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றன.

உடனே வாயைத் திறந்திருக்க முடியும். ஆனால் வாத்தியார் முன்னால், விஜயதசமி முதல் வேலையில், உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மெக்கானிக்குக்குக் காது போய்விட்டது என்று ஒருவர் வாயில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் சின்ன காஞ்சிபுரம், பெரிய காஞ்சிபுரம் இரண்டுக்கும் தெரிந்துவிடும். பிறகு இவரிடம் யார் வண்டியைக் கொண்டுவருவார்கள்? இவர்தான் தன்னை என்னவென்று நினைத்துக்கொள்வார்? சொல்லாமல் விட்டாலோ, அந்தப் பெண் வலியோடு பின்சீட்டில் படுத்திருக்கும்போது, நடுரோட்டில் பம்ப் இறுகிப் பெல்ட் அறுந்து, இன்ஜின் கொதித்து நிற்கும்.

பெட்டி சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டாமே என்று ஒரு நப்பாசை. ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லி ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்களுக்கு நடுவே காய்ந்து கல்லாகிப்போன சந்தனம். நான் வைத்த பொட்டுதான். ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துப் பின் பின்னாகச் சுரண்டினேன். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது, நல்ல வாசனை வேறு. திரும்பச் சொருகியதும் எண்கள் ஓடி வந்தன. எண்பத்தெட்டு, எண்ணூற்றைம்பது, சென்சார் ஆடுகிறது. கோடு நம்பர் எதுவும் இல்லை. நான் மறுபடி மறுபடி தேடினேன். எல்லாம் சரி என்றது பெட்டி. பேரிங் கீச்சிடுவதைக் கேட்பதற்கு அந்த வண்டியில் சென்சார் எதுவும் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பார்த்தியா? பொட்டியும் அதையேதான் சொல்லுது" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாத்தியார் சாவிக்குக் கை நீட்டினார்.

நான் சாவியைக் கொடுக்கவில்லை. இன்ஜினை அணைத்தேன். எழுந்து போய் என் கணவருக்கு நேர் எதிரே, வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி நின்றேன். ஏன் அப்படி நின்றேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

"பெல்ட்டக் கழட்டிட்டுத் தண்ணி பம்ப்பக் கையால ஒருதரம் சுத்திப் பாருங்க" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. அதெல்லாம் வேண்டாம், சாருக்கு நேரமாகிறது என்றார். நான் நகரவில்லை. பிரசவத்துக்குப் போகிற வண்டி, என் மனசு சமாதானத்துக்குப் பாருங்கள் என்றேன். இந்தப் பெண் ஏதோ சொல்கிறாளே, பார்த்துவிடேன்பா என்று வாத்தியாரும் சொன்னார். என் கணவர் ஸ்பேனரை எடுத்து ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி பெல்ட்டை இறக்கினார். பம்ப்பின் புல்லியை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினார். ஒரு சுற்று சுற்றியதும் விரல் நின்றது. மறுபடி சுற்றினார், இந்தத் தடவை மிக மெதுவாக. பிறகு புல்லியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது. பேரிங்குக்குள் மணல் அரைபடுவது மாதிரி அவர் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை.

குனிந்தபடியே பேசினார். சார், பம்ப் போவப்போவுது, நான் கவனிக்காம உட்டுட்டேன், இந்த வண்டியை இப்ப எடுக்க வேணாம், மத்தியானத்துக்குள்ள புதுசு போட்டுத் தரேன் என்றார். வாத்தியார் கைகூப்பி, பெருமாள்தான் சொல்லவைத்திருக்கிறார் என்றார். பெருமாளுக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் என்ன வேலை? சொன்னவள் நான். ஆனால் அதைப் பெருமாள் கணக்கில் எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பம்ப் மாற்றி வண்டியை அனுப்பினோம். வண்டி போனதும் அவர் கையைக்கூடக் கழுவாமல் ஆற்றுப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். பாலாற்றில் அந்த வருஷமும் தண்ணீர் இல்லை. மணல், நாணல், தூரத்தில் பாலம். அவர் கரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திடீரென்று எனக்கு ஒன்று தோன்றியது. இரண்டு ஆள்காட்டி விரலையும் என் காதுகளுக்குள் இறுக்கமாகச் சொருகிக்கொண்டேன்.

பாலத்தின் மேல் ஒரு டவுன் பஸ் சத்தமில்லாமல் போயிற்று. நாணல் சத்தமில்லாமல் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு பெண் தன் ஆட்டை வாய் திறந்து கூப்பிட்டாள், கூப்பிட்ட குரல் எங்கேயும் வந்து சேரவில்லை. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஊமை ஊருக்குள் இவர் இரண்டு வருஷமாகத் தனியாக இருந்திருக்கிறார், நான் இவருடைய முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். விரலை எடுத்தேன். ஓவென்று அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

நான் அழுதது அவருக்குக் கேட்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தோளைத் தொட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் சொன்னார். சின்ன வயசில் டிங்கரிங் ஷெட்டில் தகரம் அடித்த சத்தம்தான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். எனக்குத் தெரியாமல் போய்ப் பார்த்திருக்கிறார். மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகுமாம். லாரி கேட்கும், மேளம் கேட்கும், விசில் கேட்காது. பொம்பளைங்க குரலும் சரியாகக் கேட்காது என்றாராம் டாக்டர். அதற்குப் பிறகுதான் அவர் ஸ்கேனர் வாங்கலாம் என்றது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன், அவர் முகத்துக்கு நேராக.

"காது மெக்கானிக்குன்னு பேரு வாங்கிட்டனேம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்குள் இன்னொரு கணக்கு ஓடியது. குரல் கேட்காது என்றால் நான் வாசித்த எண்களை இவர் எப்படித் தெரிந்துகொண்டார்? எண்பத்தெட்டு என்றால் எண்பத்தெட்டு என்று சரியாகத்தானே எழுதிக்கொள்வார்? ஸ்டூல் ஞாபகம் வந்தது, கிழக்கு வெளிச்சம் ஞாபகம் வந்தது. என் முகத்தை அல்ல, என் வாய் அசைவதைத்தான் இவர் பார்த்திருக்கிறார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இரண்டு வருஷமாகப் பவுடர் போட்டுக்கொண்டு போனவளுக்கு எப்படி இருக்கும்? அவர் படும் கஷ்டத்தில் இது ஒரு பெரிய விஷயமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் சுபாவம் அப்படி.

"தினமும் என் மூஞ்சியவே பார்த்துக்கினு நின்னீங்களே. அது இதுக்குத்தானா?"

அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கும்தான்" என்றார்.

மறுநாள் காலை ஸ்டூலைத் துடைத்து வெளிச்சம் பார்த்துப் போட்டார். நான் பவுடர் போட்டுக்கொண்டு போனேன்.